டோயா ஏரிக்கரையில் இரண்டு இரவு: வெந்நீர் ஊற்றுக் கிராமத்துக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில், டோயா ஏரியின் தென்கரையை ஒட்டி நீளவாக்கில் கிடக்கும் சின்ன ஊர் டோயாகோ ஒன்சென். ஒன்சென் என்றால் வெந்நீர் ஊற்று. ஹொக்கைடோவின் பூர்வகுடிகளான ஐனு மக்களின் மொழியில் ‘டோ’ ஏரி, ‘யா’ கரை. ஊருக்கு முன்னால் ஏரி, முதுகுக்குப் பின்னால் உசு என்ற எரிமலை. 1910-இல் அந்த மலை வெடித்தபோதுதான் ஏரிக்கரையில் வெந்நீர் கசிவதைக் கண்டார்கள். 1917-இல் முதல் விடுதி வந்தது. ஏரி, ஊற்று, மலை மூன்றும் சேர்ந்ததுதான் இந்த ஊர். அதனால் முதல் யோசனை: இரண்டு இரவு ஒதுக்குங்கள்.

ஒரே இரவு தங்குகிறவர்கள் மாலை ஐந்துக்கு வந்து, ஆறுக்குச் சாப்பிட்டு, அவசரமாக ஒரு குளியல் போட்டு, வாணவேடிக்கை பார்த்துத் தூங்கி, காலை பத்துக்கு அறையைக் காலி செய்கிறார்கள். மலையைப் பார்க்க நேரமே இருக்காது. நடுவில் ஒரு முழுப் பகல் கிடைத்தால் பயணமே வேறாகிவிடும்.

எந்த மாதம்

வாணவேடிக்கைதான் வேண்டுமென்றால் ஏப்ரல் 28-லிருந்து அக்டோபர் 31-க்குள் போங்கள். அந்த ஆறு மாதமும் இரவு 8:45-க்கு ஏறக்குறைய இருபது நிமிடம் ஏரியில் வாணம் விடுகிறார்கள். படகு கரையோரமாக நகர்ந்துகொண்டே விடுவதால் ஊரின் எந்த முனையில் நின்றாலும் கொஞ்ச நேரம் நேர் எதிரே தெரியும். பலத்த காற்றடித்தால் நிறுத்திவிடுவார்கள். இரண்டு இரவு தங்கச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

இலைகள் சிவப்பது அக்டோபர் நடுவிலிருந்து கடைசி வரை. எங்களைக் கேட்டால் அதுவே நல்ல காலம்: வாணமும் உண்டு, குளிருக்கு வெந்நீர் இதமாக இருக்கும், நடைபாதைகளும் திறந்திருக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை பனி. திறந்தவெளித் தொட்டியில் தலைமேல் பனி விழ, கழுத்துவரை வெந்நீரில் உட்காரும் சுகம் அப்போதுதான் கிடைக்கும். ஆனால் எரிமலை நடைபாதைகள் மூடியிருக்கும், பேருந்துகளும் குறையும். கரையெல்லாம் பனி மூடினாலும் ஏரி உறைவதில்லை. சுமார் 180 மீட்டர் ஆழம். அத்தனை நீரும் கோடையில் வாங்கிய சூட்டை மெதுவாகத்தான் விடும்.

ஏப்ரல் கடைசி – மே முதல் வாரத் தொடர் விடுமுறை, முன்னோரை நினைக்கும் பண்டிகையான ஓபோன் வரும் ஆகஸ்ட் நடு வாரம், எல்லாச் சனிக்கிழமைகளும் விலை கூடிய நாட்கள். ஞாயிறு மதியம் வந்து செவ்வாய் காலை கிளம்பினால் அதே அறை மலிவாகக் கிடைக்கும், குளியலறையிலும் கூட்டம் இருக்காது.

போய்ச் சேரும் வழி

விமானம் இறங்கும் இடம் ஷின் சிட்டோசே. அங்கிருந்து உள்ளூர் ரயிலில் ஒரே ஒரு நிலையம், மினாமி சிட்டோசே. அங்கே இறங்கி, தெற்கிலுள்ள ஹகோடாடே நகருக்குப் போகும் ‘ஹொகுடோ’ விரைவு ரயிலில் மாறி ஏறி, ‘டோயா’ நிலையத்தில் இறங்க வேண்டும். ஹொக்கைடோவின் பெரிய நகரமான சப்போரோவிலிருந்து நேராக வந்தால் இதே ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு.

இங்கே இரண்டு இடத்தில் தவறு நடக்கிறது. 2024 மார்ச் முதல் ஹொகுடோவில் எல்லா இருக்கைகளும் முன்பதிவுக்கு உரியவை. ரயில் பாஸ் கையில் இருந்தாலும் இருக்கை எண் வாங்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். கவுண்டரிலோ இயந்திரத்திலோ எடுக்கலாம். அடுத்தது, டோயா நிலையம் ஏரிக்கரையில் இல்லை, கடலோரத்தில் இருக்கிறது. வெளியே வந்து ஏரியைத் தேடாதீர்கள். நிலைய வாசலில் டோனான் நிறுவனப் பேருந்து நிற்கும். இருபது நிமிடத்தில் மேடேறி ஏரிக்கரைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிடும். பேருந்துகளுக்கு இடையே ஒரு மணி நேரத்துக்கு மேலும் இடைவெளி விழும். ஆகவே முதலில் பேருந்து நேரத்தைப் பார்த்துவிட்டு, அதற்குப் பொருந்தும் ரயிலில் இடம் போடுங்கள். நான்கு பேர் இருந்தால் டாக்ஸியே போதும்.

பேருந்தில் ஏறும்போது கதவருகே உள்ள பெட்டியிலிருந்து எண் அச்சிட்ட சின்னச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது முன்பக்கப் பலகையில் அந்த எண்ணுக்கு நேரே தெரியும் தொகையை ஓட்டுநர் பக்கத்து உண்டியலில் சீட்டோடு போட வேண்டும். சில்லறை இல்லாவிட்டால் ஆயிரம் யென் நோட்டை அந்தப் பெட்டியிலேயே மாற்றலாம். ஐயாயிரம், பத்தாயிரம் நோட்டுகளோடு ஏறினால் சிக்கல்தான்.

சில விடுதிகள் சப்போரோவிலிருந்து தங்கள் விருந்தினருக்கென்று பேருந்து விடுகின்றன. முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். அறை பதிவு செய்யும்போதே கேளுங்கள். காரில் வருவதானால், இந்தியாவிலோ இலங்கையிலோ எடுத்த சர்வதேச ஓட்டுநர் அனுமதி இங்கே செல்லும், அசல் உரிமமும் கையில் இருக்க வேண்டும். பனிச்சாலையில் ஓட்டிப் பழகாதவர்கள் டிசம்பர் முதல் மார்ச் வரை கார் எடுக்கவே வேண்டாம்.

அறை எடுக்கும்போது

ஏரி பார்த்த அறை, மலை பார்த்த அறை என்று இரண்டு விலை இருக்கும். வாண மாதங்களில் ஏரி பார்த்த அறைக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். வயதானவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். மற்ற மாதங்களில் அந்தப் பணத்தை இன்னொரு வேளைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் ‘டோயா’ என்று தேடினால் ஏரியின் எதிர்க்கரையிலும் மலை உச்சியிலும் உள்ள விடுதிகளும் வரும். கால்நடையாகவே எல்லாவற்றையும் முடிக்க வேண்டுமென்றால், ‘டோயாகோ ஒன்சென் பேருந்து நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம்’ என்பதை மட்டும் பாருங்கள்.

விலை பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று இருக்கும், அறைக்கு என்று இருக்காது. அதில் இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் அடக்கம். குளியல் வரி, தங்கும் வரி என்று சில நூறு யென் கடைசியில் தனியாகச் சேரும்.

டாட்டமி பாய் விரித்த அறையில் செருப்பு, ஸ்லிப்பர் எதுவும் பாய்மேல் படக் கூடாது. கழிவறைக்குத் தனி ஸ்லிப்பர் உண்டு; அதைப் போட்டுக்கொண்டே வெளியே வந்துவிடுவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. பகலில் அறையில் படுக்கை தெரியாது. நீங்கள் சாப்பிடப் போயிருக்கும் நேரத்தில் ஊழியர்கள் வந்து மெத்தை விரித்துவிட்டுப் போவார்கள், அல்லது அலமாரியிலிருந்து நீங்களே எடுத்து விரிக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கட்டில் போட்ட அறையாகக் கேளுங்கள்; தரையிலிருந்து எழுவது இரண்டாம் நாள் காலையில் சிரமமாகிவிடும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

இதில் ஏமாறாதவர்கள் குறைவு. தட்டில் மீன் துண்டு தெரியாவிட்டாலும் மீன் இருக்கும். ‘தாஷி’ என்னும் அடிச்சாறுதான் ஜப்பானியச் சமையலுக்கு அஸ்திவாரம். அதைப் பெரும்பாலும் உலர்ந்த கட்சுஓ மீனைச் சீவிப்போட்டு எடுக்கிறார்கள். மீசோ சூப், வேகவைத்த காய், நூடுல்ஸ் சாறு, முட்டைச் சுருள், சில ஊறுகாய் எல்லாவற்றிலும் அது சேரும். ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் இறைச்சியை எடுத்துவிட்டு மீன் வைப்பார்கள்.

செய்ய வேண்டியது: பதிவு செய்யும்போதே எழுத்தில் தெரிவியுங்கள். இறைச்சி, மீன், இறால், மீன் தாஷி வேண்டாம். கொம்பு என்ற கடற்பாசியில் எடுத்த தாஷி சரி. பால், முட்டை சரியா இல்லையா என்று ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதுங்கள். வந்து இறங்கிய மாலையில் சொன்னால் சமையலறையால் எதுவும் செய்ய முடியாது. அடிச்சாறு காலையிலேயே கொதித்திருக்கும். முடியாது என்று விடுதி பதில் சொன்னால் அதை நம்பி வேறு விடுதி பாருங்கள், அல்லது உணவு சேராத விலையில் அறை எடுங்கள். இங்கே ‘பைக்கிங்கு’ என்று சொல்லும் பஃபே உள்ள விடுதிகளில் சமாளிப்பது எளிது: வெறும் சோறு, பச்சைக் காய்கறி, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், தோஃபு, பால், தயிர். ஹொக்கைடோ பாலும் தயிரும் அவ்வளவு நன்றாக இருக்கும்.

பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், எண்ணெய் ஊறுகாய் கொண்டுவந்தால் சூடான சோற்றோடு ஒரு வேளை முடிந்துவிடும். பச்சைக் கறிவேப்பிலை, பழங்கள், இறைச்சி சேர்ந்த பொருள் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள்; விமான நிலையச் சோதனையில் பறிபோகும், சமயத்தில் தண்டனையும் உண்டு. அறையில் அடுப்பு மூட்டக் கூடாது.

அசைவம் உண்பவர்களுக்கு: பக்கத்திலுள்ள உச்சியுரா விரிகுடாவின் ஸ்காலப் சிப்பியைத் தவறவிடாதீர்கள். ஏரியில் பிடிக்கும் ஹிமெமாசு மீன் கிடைத்தால் அதையும்.

குளியல்

அறைக்கு வந்ததும் அலமாரியில் மடித்து வைத்த பருத்தி அங்கி இருக்கும், அதுதான் யுகாட்டா. வலப்பக்கத்தை முதலில் உடம்போடு சுற்றி, அதன்மேல் இடப்பக்கம் வரும்படி போர்த்திக் கச்சை கட்டுங்கள். மாற்றிக் கட்டுவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. இதைப் போட்டுக்கொண்டு விடுதி முழுக்க, சாப்பாட்டுக்கூடம் வரை போகலாம். பெரிய துண்டு ஒன்று, கைத்துண்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

குளியலறை வாசலில் துணித் திரை தொங்கும். பெரும்பாலும் ஆண்களுக்கு நீலம், பெண்களுக்குச் சிவப்பு. நிறத்தை மட்டும் நம்பாமல் எழுத்தைப் பாருங்கள்: நான்கு கண்ணாடி உள்ள ஜன்னல் போல ஒரு கட்டம் மேலே இருந்தால் அது ஆண், கட்டம் இல்லாமல் குறுக்கே பின்னிய கோடுகள் என்றால் பெண். பல விடுதிகளில் இரவுக்கும் காலைக்கும் நடுவே இரண்டு அறைகளையும் மாற்றிவிடுவார்கள். நேற்று இடதுபக்கம் போனோமே என்று காலையில் தூக்கக் கலக்கத்தோடு நுழைந்தால் வம்பு.

உள்ளே முதல் அறையில் உடை மாற்றும் கூடைகள். இங்கே எல்லா ஆடையையும் களைய வேண்டும். உள்ளாடையோ நீச்சலுடையோ போட்டுக்கொண்டு இறங்க முடியாது. நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இதுதான் பெரிய தயக்கம். சுற்றியிருப்பவர்கள் யாரும் யாரையும் பார்ப்பதில்லை, கைத்துண்டை முன்னால் பிடித்துக்கொண்டு நடக்கலாம், ஐந்து நிமிடத்தில் கூச்சம் போய்விடும் என்பதே பெரும்பாலோர் அனுபவம். முடியவே முடியாது என்றால் ‘கஷிகிரி’ என்ற தனிக் குளியலறையை முக்கால் மணி, ஒரு மணி என்று குடும்பத்துக்கு மட்டும் எடுக்கலாம். அறையோடு சேர்ந்த தொட்டியுள்ள அறைகளும் உண்டு. இரண்டுமே சீக்கிரம் தீர்ந்துவிடும், அறை பதிவின்போதே கேளுங்கள். அதுவும் வேண்டாமென்றால் தெருவோரத்தில் கால் நனைக்கும் தொட்டிகளும் கை நனைக்கும் தொட்டிகளும் இலவசமாக இருக்கின்றன. பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டி உட்கார்ந்தால் போதும்.

தொலைபேசியை உடைமாற்றும் அறையிலேயே விடுங்கள். வெள்ளிக் கொலுசு, மெட்டி, சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி லாக்கரில் வைப்பது நல்லது. இதே ரயில் பாதையில் இருக்கும் இன்னொரு வெந்நீர் ஊற்று ஊரான நோபொரிபெட்சுவுக்கும் போகிறவர்கள் கண்டிப்பாகக் கழற்ற வேண்டும். அங்கே கந்தகம் அதிகம், வெள்ளி கறுத்துவிடும்.

அடுத்தது உடம்பு கழுவும் இடம். வரிசையாகச் சின்ன முக்காலிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷவர், வாளி, சோப்பு, ஷாம்பு. முக்காலியில் உட்கார்ந்துதான் குளிக்க வேண்டும். நின்றால் பக்கத்தில் இருப்பவர்மேல் தண்ணீர் தெறிக்கும். தலையில் தேங்காய் எண்ணெய் வைத்திருந்தால் இரண்டுமுறை ஷாம்பு போட்டு அலசுங்கள். முகத்தில் மஞ்சள், சந்தனம், திருநீறு இருந்தாலும் இங்கேயே போக்கிவிட வேண்டும். பொதுத் தொட்டியில் எண்ணெய் மிதந்தால் அத்தனை பேர் குளியலும் கெடும். தொட்டி ஊறுவதற்கு மட்டுந்தான்; அழுக்குப் போக்குவதெல்லாம் இந்த முக்காலியில் முடிந்துவிட வேண்டும். எழும்போது முக்காலியையும் வாளியையும் அலசி வையுங்கள்.

பிறகு தொட்டியோரம் உட்கார்ந்து, வாளியில் அந்த வெந்நீரையே மொண்டு காலில் தொடங்கி இடுப்பு, தோள் என்று ஊற்றுங்கள். நேரே குதித்தால் ரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். தண்ணீர் பெரும்பாலும் 40-லிருந்து 42 டிகிரி வரை இருக்கும். பல இடத்தில் சுவரிலேயே எழுதியிருப்பார்கள். முதல்முறை இடுப்பளவு இரண்டு நிமிடம், பிறகு தோளளவு மூன்று நான்கு நிமிடம். வெளியே வந்து கல்லில் உட்கார்ந்து ஆறுங்கள். மறுபடி ஐந்து நிமிடம். மொத்தமாகப் பதினைந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். நீண்ட கூந்தலைத் தூக்கிக் கட்டுங்கள், முடி தண்ணீரில் படக் கூடாது. கைத்துண்டையும் தண்ணீரில் நனைக்கக் கூடாது. மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்வது ஊர் வழக்கம்.

மயக்கம் வருவது எப்போதும் ஒரே மாதிரிதான்: அதிக நேரம் ஊறிவிட்டுச் சட்டென்று எழுந்து நிற்கும்போது. சூட்டில் விரிந்த ரத்தக் குழாய்களில் ரத்தம் காலுக்கு இறங்கிவிடுகிறது, தலைக்கு எட்டுவதில்லை. கைப்பிடியைப் பிடித்து மெதுவாக எழுந்து, ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு நடங்கள்; தரையும் வழுக்கும். சாப்பிட்டதும், மது குடித்துவிட்டும், வெறும் வயிற்றிலும் இறங்காதீர்கள். குளிர்காலத்தில் உறைபனிக் காற்றிலிருந்து திறந்தவெளித் தொட்டிக்கு ஓடுவது இதயநோய் உள்ளவர்களுக்கு ஆபத்து. அவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுவிட்டு வரட்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்குக் காலில் சூடு தெரியாது. கையை விட்டுப் பார்த்துவிட்டு இறங்க வேண்டும்.

ஏறிய பிறகு சோப்புப் போடத் தேவையில்லை. மென்மையான தோல் உள்ளவர்கள் மட்டும் நல்ல தண்ணீரில் அலசலாம். உடை மாற்றும் அறைக்குள் நுழையும் முன்பே கைத்துண்டால் ஈரத்தை ஒற்றிவிடுங்கள். ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடித்து, அரைமணி சும்மா இருங்கள். வாசலருகே விற்கும் குளிர்ந்த பாலை ஜப்பானியர்கள் விரும்பிக் குடிப்பார்கள், குடித்துப் பாருங்கள்.

மாதவிலக்கு நாட்களில் பொதுத் தொட்டியைத் தவிர்க்க வேண்டும். டயபர் போடும் குழந்தைகளுக்குப் பொதுத் தொட்டியில் பெரும்பாலும் அனுமதியில்லை. ஏழு வயதைத் தொட்ட பையனை அம்மாவோடு பெண்கள் பக்கம் அழைத்துப்போக முடியாது. தாயும் மகனும் மட்டும் வருவதானால் தனிக் குளியலறையே வழி. பச்சை குத்தியிருந்தால் பல விடுதிகளில் மறுப்பார்கள், பாட்டி காலத்துக் கோலப் பச்சையாக இருந்தாலும் சரி. சின்னதென்றால் ஒட்டுப்பட்டி போட்டு மறைக்க அனுமதிப்பவர்களும் உண்டு, முன்பே கேளுங்கள்.

எத்தனை முறை குளிப்பது? ஒரு நாளைக்கு மூன்று முறை போதும்: மூன்று மணிக்கு அறை கிடைத்ததும் ஒன்று, வாணம் முடிந்து ஒன்று, விடியற்காலையில் ஒன்று. மூன்றிலும் விடியற்காலைதான் மேல். தொட்டியில் ஆளே இருக்காது. ஏரிமேல் ஆவி எழ, நடுவில் இருக்கும் நகாஜிமா தீவுகள் மெல்லத் தெளியும்.

நடுவிலுள்ள முழுப் பகல்

காலையில் மேகம் இல்லையென்றால் முதல் வேலை உசு மலை ரோப்வே. ஊரிலிருந்து ரோப்வே கிளம்பும் ஷோவா ஷின்சான் அடிவாரம் வரை பேருந்து கால் மணி. நாளைக்குச் சில தடவைதான் ஓடும், குளிர்காலத்தில் அதை நம்ப முடியாது. திரும்பும் நேரத்தை இறங்கும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரோப்வேயில் ஆறு நிமிடம். மேலே ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் புகை விடும் செம்பழுப்புக் குன்று ஷோவா ஷின்சான்.

அந்தக் குன்றைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். 1943 கடைசிவரை அங்கே இருந்தது கோதுமை வயல். நிலம் நடுங்கி, வீங்கி, 1945-க்குள் மலையாக எழுந்துவிட்டது. இன்று 398 மீட்டர். போர்க்காலம் என்பதால் செய்தியை வெளியே விடவில்லை. உள்ளூர் அஞ்சல் நிலையத் தலைவர் மிமாட்சு மசாஓ, குறுக்கே நூல் கட்டி, மோவாயை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு, மலையின் வரம்பை மாதக்கணக்கில் வரைந்துவைத்தார். 1948-இல் ஆஸ்லோவில் எரிமலையியலாளர் கூட்டத்தில் அந்த வரைபடம் வைக்கப்பட்டது. அவர் அந்த நிலத்தையே விலைக்கு வாங்கிக் காப்பாற்றினார். அடிவாரத்தில் அவர் நினைவுக் காட்சியகம் இருக்கிறது. ரோப்வேக்குப் போகிற அவசரத்தில் எல்லோரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மதியத்துக்குமேல் ஊருக்குத் திரும்பி, எரிமலை அறிவியல் காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, அதன் பின்புறம் தொடங்கும் கொன்பிரா நடைபாதையில் ஏறுங்கள். 2000 மார்ச் 31-இல் மலை மறுபடி வெடித்தது. முன்கூட்டியே நில அதிர்வுகளைக் கவனித்துப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை வெளியேற்றிவிட்டதால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. சேறு பெருகி வந்து மூழ்கடித்த பொதுக் குளியலகமும், பாலம் பெயர்ந்து வந்து மோதிய அடுக்குமாடிக் குடியிருப்பும் அப்படியே விட்டுவைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு மணி நேரம் போதும். பிடிமானமுள்ள ஷூ வேண்டும். மலை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அறைக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும் வெளியேறும் வழிப்படத்தை முதல் நாளே பாருங்கள். வானிலை நிறுவனம் உசு மலைக்குக் கொடுத்திருக்கும் எச்சரிக்கை நிலையையும் கிளம்பும் முன் பாருங்கள்.

மீதி நேரத்துக்குக் கோட்டை வடிவப் படகு. போய்வர முக்கால் மணி, ஒரு மணி. கோடையில் தீவில் இறங்கி நடக்கலாம், மான்கள் உண்டு. குளிர்காலத்தில் இறக்காமல் சுற்றிக்காட்டித் திரும்பிவிடும். காற்றுக்கு மேல்சட்டை வேண்டும், கோடையிலும்கூட.

கிளம்பும் நாள்

பத்து மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். பெட்டிகளை வரவேற்பறையில் வைத்துவிட்டு இன்னும் ஒருமுறை கால் நனைக்கலாம். ஊர்ப் பலகாரம் வாங்க நினைத்தால் வகாசாய்மோ. சர்க்கரைவள்ளிக் கிழங்கு போலவே இருக்கும், ஆனால் கிழங்கே கிடையாது. அது விளையாத குளிர் நாட்டில் வெள்ளை அவரை விழுதில் செய்தார்கள். கிழங்கின் நாருக்குப் பதில் கொம்பு கடற்பாசி இழைகளைச் சேர்த்தார்கள். முட்டை உண்டு, அதனால் சைவர்கள் பார்த்து வாங்க வேண்டும்.

ரயிலுக்கு முக்கால் மணி முன்னால் புறப்படும் பேருந்தைப் பிடியுங்கள். சப்போரோ பக்கம் போகிறவர்கள் வலப்பக்க ஜன்னலும் ஹகோடாடே பக்கம் போகிறவர்கள் இடப்பக்க ஜன்னலும் கேட்டு வாங்கினால், வழியில் கடல் தெரியும்.